வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர்

ரோட்டரி இன்ஜின் பொருத்திய பழைய மஸ்தா ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கு வேகம் தரும் ட்யூனர்கள் எளிதில் கிடைப்பார்கள். இன்ஜினை உயிரோடு திருப்பித் தரும் ட்யூனர் கிடைப்பதுதான் அரிது. அவரை அடையாளம் காண்பது எப்படி?

நம் ஊரில் மஸ்தா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஸ்வராஜ் மஸ்தா வேன்தான். அந்த வேனுக்கும், ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ (2001) படத்தில் வின் டீசல் ஓட்டிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கும் பெயரைத் தவிர வேறு பொருத்தம் இல்லை. ‘டோக்கியோ டிரிஃப்ட்’ (2006) படத்தில் ஹான் ஓட்டிய ஆரஞ்சு-கறுப்புக் காரும் அதே குடும்பம்தான். பெயர், ஆர்எக்ஸ்-7.

1978 முதல் 2002 வரை மூன்று தலைமுறைகளாக எட்டு லட்சத்துக்கும் அதிகமான ஆர்எக்ஸ்-7 கார்கள் ஹிரோஷிமாவிலிருந்து வெளிவந்தன. மூன்றாவதும் கடைசியுமான தலைமுறைக்கு ‘எஃப்டி’ என்று பெயர். 1991 இறுதியில் வந்த அந்தக் காரைக் கண்டால் இன்றும் பலர் நின்று பார்க்கிறார்கள். பானெட்டுக்குக் கீழே பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம் ஷாஃப்ட் இல்லை. வெறும் 1,308 சிசி கொள்ளளவு, இரண்டு ரோட்டார், இரண்டு டர்போ. முதலில் 255 குதிரைத்திறன் தந்த அந்த இன்ஜின், 1999-இல் 280-ஐத் தொட்டது.

எஃப்டியில் மிக இளையதே இன்று இருபது வயதைத் தாண்டிவிட்டது. கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியைக் காண்பது அபூர்வம். ஒருவர் சைலன்சரை மாற்றியிருப்பார், அடுத்தவர் டர்போவை, அவருக்கு அடுத்தவர் கம்ப்யூட்டரை. நான்காவது ஆளாக வாங்குபவர் கையில் இருப்பது மூன்று பேருடைய ஆசைகளின் கூட்டுத்தொகை. அதை ஒழுங்குபடுத்தி ஓட வைக்கும் ட்யூனர் யார் என்பதே அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான் என எங்கும் ரோட்டரிக்காரர்களின் முதல் கவலை. தயாராகி 25 ஆண்டுகள் ஆன வெளிநாட்டுக் கார்களை அமெரிக்கச் சட்டம் தாராளமாக உள்ளே விடுகிறது. 2002-இல் தயாரான கடைசி எஃப்டிகளுக்கு அந்தக் கதவு 2027-இல் திறக்கிறது. கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தெரிந்த கைகள்தான் குறைந்துகொண்டே போகின்றன.

நாற்பத்தேழு பேரின் போராட்டம்

இந்த இன்ஜினை ஜெர்மானியர் ஃபெலிக்ஸ் வாங்கெல் உருவாக்கினார். 1957-இல் என்எஸ்யு நிறுவனத்தில் முதல் மாதிரி ஓடியது. மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டனுக்குப் பதிலாக, புடைத்த பக்கங்களைக் கொண்ட முக்கோண ரோட்டார் ஒன்று, ஆட்டுக்கல் குழியில் குழவி போல, தானும் சுழன்று ஓரத்தையும் சுற்றிவரும். ரோட்டாரின் மூன்று முகங்களிலும் ஒரே நேரத்தில் மூன்று வெவ்வேறு வேலைகள் நடக்கும். ஒரு முகம் காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும்போது இன்னொன்று அமுக்கும், மூன்றாவது எரிந்து தள்ளும். ரோட்டார் ஒரு சுற்றுச் சுற்றினால் ஷாஃப்ட் மூன்று சுற்றுச் சுற்றிவிடும். மேலும் கீழும் குதிக்கும் பாகம் இல்லாததால்தான் மீட்டர் 8,000 ஆர்பிஎம் காட்டினாலும் அதிர்வு தெரிவதில்லை.

சிக்கல் முக்கோணத்தின் முனைகளில் இருந்தது. ஒரு முகத்தின் வாயு அடுத்த முகத்துக்குக் கசியாமல் தடுக்க ஒவ்வொரு முனையிலும் ஒரு சீல் வேண்டும். ‘அபெக்ஸ் சீல்’ என்பது அதுதான். என்எஸ்யு 1967-இல் வெளியிட்ட ரோ 80 கார், ஐரோப்பாவின் 1968-ஆம் ஆண்டின் சிறந்த காராகத் தேர்வானது. ஆனால் சீல்கள் தேய்ந்து இன்ஜின்கள் திரும்பி வந்தபடி இருந்தன. எதிரெதிரே வரும் ரோ 80 ஓட்டுநர்கள் இதுவரை எத்தனை இன்ஜின் மாற்றினோம் என்று விரலால் காட்டிக்கொள்வார்கள் என்றொரு கேலிக்கதை உண்டு. உத்தரவாதச் செலவு கழுத்தை நெரிக்க, 1969-இல் என்எஸ்யு ஃபோக்ஸ்வேகன் குழுமத்துக்குள் போனது.

அதே இன்ஜினுக்கு 1961-இல் உரிமம் பெற்றிருந்த மஸ்தா விடவில்லை. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அமர்ந்தார்கள். சீல் அதிர்ந்து அதிர்ந்து ரோட்டார் ஹவுசிங்கின் உட்சுவரில் அலை அலையாகக் கீறல் போட்டது. ‘பேயின் நகக்கீறல்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். சீலுக்கு எத்தனையோ பொருள்களைச் சோதித்து, கடைசியில் கார்பனையும் அலுமினியத்தையும் சேர்த்த கலவையில் விடை கண்டார்கள். 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. யமமோட்டோ பின்னாளில் நிறுவனத்தின் தலைவராகவே உயர்ந்தார்.

ரோட்டரி என்றாலே உடையும் இன்ஜின் என்ற பேச்சு இன்றும் உண்டு. ஆனால் 1991 ஜூன் 23 அன்று, பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டார் கொண்ட மஸ்தா 787பி முதலிடம் பிடித்தது. 700 குதிரைத்திறன் தந்த இன்ஜின் அது. அன்று களமிறங்கிய மூன்று மஸ்தாக்களும் ஓடி முடித்தன. மற்ற இரண்டும் ஆறாவது, எட்டாவது. ஆக, குறை இன்ஜினின் பிறவியில் இல்லை. அதை எந்த எல்லைக்குள் ஓட விடுகிறோம் என்பதில் இருக்கிறது. அந்த எல்லையைப் போடுபவர்தான் ட்யூனர்.

ஒரே நொடியில்

எஃப்டியின் அபெக்ஸ் சீல் 2 மில்லிமீட்டர் தடிமன், சுமார் 80 மில்லிமீட்டர் நீளம். இரண்டு ரோட்டாருக்கும் சேர்த்து ஆறு. வண்டியின் ஆயுள் இந்த ஆறில்தான் தொங்குகிறது.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறியிலிருந்து சீராக எரிந்து பரவ வேண்டும். வெப்பமும் அழுத்தமும் மிஞ்சினால் கலவை தானாகவே ஒரு மூலையில் வெடித்துவிடும். இதற்கு ‘டெட்டனேஷன்’ என்று பெயர். பிஸ்டன் இன்ஜினில் இது லேசாக நடந்தால் ‘கட கட’ என்று சத்தம் கேட்கும், ஓட்டுபவர் காலை எடுத்துவிடலாம். டர்போ ரோட்டரியில் பலமான ஒரே ஒரு வெடிப்பு போதும், சீல் முறிந்துவிடும். முறிந்த துண்டு சும்மா இருக்காது. ஹவுசிங்கின் குரோமியப் பூச்சைக் கிழிக்கும், ரோட்டாரைக் குத்தும், எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும்போது டர்போவின் இறக்கைகளையும் சிதைக்கும். ஒரு சீலில் தொடங்கியது இன்ஜினும் டர்போவும் சேர்ந்த செலவாகிவிடும்.

ட்யூனர் செய்யும் தவறு பிஸ்டன் இன்ஜினில் எச்சரிக்கையாக வெளிப்படும் என்றால், ரோட்டரியில் அது நேராகத் தீர்ப்பாக வெளிப்படும். இந்த இன்ஜின் திருத்திக்கொள்ள அவகாசம் தருவதில்லை.

சைலன்சரில் தொடங்கும் வினை

‘நான் ட்யூனே பண்ணலையே, எக்ஸாஸ்ட் மட்டும்தானே மாத்தினேன்’ என்று சொல்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். எஃப்டியின் இரட்டை டர்போ அமைப்பு அப்படி. முதல் டர்போ தாழ்ந்த வேகத்திலேயே வேலையைத் தொடங்கும், இரண்டாவது சுமார் 4,500 ஆர்பிஎம்மில் சேர்ந்துகொள்ளும். இந்த மாற்றத்தை நடத்துவது டஜன் கணக்கான மெல்லிய வேக்குவம் குழாய்களும் சோலனாய்டுகளும். பானெட்டுக்குள் கொதிக்கும் வெப்பத்தில் அந்த ரப்பர்க் குழாய்கள் காய்ந்து விறைத்து வெடிக்கும்.

கம்பெனி வைத்த எக்ஸாஸ்ட் குழாயையும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றிவிட்டு அகலமான குழாய் போட்டால் டர்போ தடையின்றிச் சுழலும். மிகுதி வாயுவைத் திருப்பிவிட வேண்டிய வேஸ்ட்கேட் சிறியது. அதனால் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் தானாகவே ஏறிக்கொண்டு போகும். கம்பெனி வைத்த பூஸ்ட் சுமார் 10 பிஎஸ்ஐ. இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்ப்பும் கம்ப்யூட்டரும் அதற்குக் கணக்குப் போட்டவை. குளிர்ந்த இரவில் காற்றின் அடர்த்தி கூடும், பூஸ்ட் எல்லை தாண்டும், பெட்ரோல் போதாமல் கலவை வறளும். அடுத்தது டெட்டனேஷன்.

ஆகவே குழாயைத் தொட்டவர் பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் மாற்றி எழுதியே ஆக வேண்டும். கம்பெனி கம்ப்யூட்டரில் அதைச் செய்வது எளிதல்ல என்பதால், அபெக்ஸி பவர் எஃப்சி, ஹால்டெக், மோடெக், லிங்க் போன்ற தனி இசியுக்களை வைக்கிறார்கள். எந்தப் பெட்டியை வாங்குவது என்று மாதக்கணக்கில் விவாதிப்பவர்கள் உண்டு. அதற்குள் ‘மேப்’ எனப்படும் எண்களை எழுதப் போவது யார் என்பது பெட்டியைவிடப் பல மடங்கு முக்கியம்.

நல்ல ட்யூனர்தான், ஆனால் ரோட்டரிக்கு?

ஊரில் பெயர் பெற்ற ட்யூனர் ஒருவர் இருப்பார். அவர் கைபட்ட சுபாருவும் ஹோண்டாவும் பந்தயத்தில் ஜெயித்திருக்கும். அவரிடமே ரோட்டரியையும் விட்டால் என்ன? இந்தக் கேள்வியில்தான் பல இன்ஜின்கள் போயிருக்கின்றன. அவருடைய திறமையில் குறை இல்லை, பழக்கத்தில்தான் ஆபத்து.

பிஸ்டன் இன்ஜினில் சக்தியைக் கூட்ட, கலவையைச் சற்று வறளவிட்டு, தீப்பொறியை நாக் சென்சார் முனகும்வரை முன்னே நகர்த்தி, முனகியதும் ஓர் அடி பின்வாங்குவது பழகிய வழி. ரோட்டரியில் அந்த முனகலைக் கேட்கும் வரை காத்திருப்பதே சூதாட்டம். ஆகவே பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோலில், பூஸ்டில் இருக்கும்போது காற்று-பெட்ரோல் விகிதத்தை 11-ஐ ஒட்டி, சிலர் அதற்கும் கீழே, வேண்டுமென்றே செழிப்பாக வைப்பார்கள். தீப்பொறியை எச்சரிக்கையோடு பின்தள்ளி வைப்பார்கள். கொஞ்சம் சக்தி வீணாகும். அந்த வீண்தான் இன்ஜினுக்கான இன்சூரன்ஸ்.

இன்னொரு வேறுபாடு, ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ‘லீடிங்’ முதலில் பொறி விடும், ‘டிரெய்லிங்’ சற்றுப் பின்னால். இரண்டுக்கும் இடையிலான இடைவெளியை எங்கே எவ்வளவு வைப்பது என்பது பிஸ்டன் உலகில் பெரும்பாலோர் சந்தித்தே இராத கேள்வி. காயில் ஒயரை மாற்றிச் செருகி டிரெய்லிங் முந்திக்கொண்டால், சுமையில் இன்ஜின் நிலைக்காது.

வாசிப்பும் ஏமாற்றும். எக்ஸாஸ்டில் உள்ள வைட்பேண்ட் சென்சார் அளப்பது மிஞ்சிய ஆக்சிஜனை. பற்றாமல் போன கலவையிலிருந்து வரும் ஆக்சிஜனையும் அது ‘பெட்ரோல் போதவில்லை’ என்றே காட்டும். காற்று நுழையும் துளையைப் பெரிதாக வெட்டி ‘பிரிட்ஜ் போர்ட்’ செய்த இன்ஜின், வண்டி நிற்கும்போது விட்டு விட்டு உறுமுமே, அந்த நிலையில் இந்தப் பொய் சகஜம். தெரியாதவர் மேலும் மேலும் பெட்ரோல் ஊற்றிப் பிளக்கை நனைத்துவிடுவார். தெரிந்தவர் முதலில் ஏன் பற்றவில்லை என்று பார்ப்பார்.

உடைந்த பிறகு யார் தவறு?

நம்பகமான ட்யூனரைத் தேடுவது ஏன் இவ்வளவு மனக்கசப்பான விஷயமாக இருக்கிறது? காரணம், தடயம் எரிந்துபோய்விடும். சீல் முறிந்த இன்ஜினைப் பிரித்தால் கிடைப்பது விளைவு மட்டுமே. இன்ஜினைக் கட்டியவர், ‘என் வேலை சரி, மேப்பில் பெட்ரோல் குறைவு’ என்பார். ட்யூனர், ‘மேப் சரி, பம்ப்புக்கு வோல்ட்டேஜ் வரவில்லை’ என்பார். இருவருமே உரிமையாளரைப் பார்த்து, ‘என்ன பெட்ரோல் போட்டீர்கள்?’ என்பார்கள். மூன்றும் சாத்தியம்தான். அடைத்த இன்ஜெக்டர், பலவீனமான காயில், தளர்ந்த பூஸ்ட் குழாய், மலிவான பெட்ரோல், அவசரத்தில் எழுதிய எண் என எதுவும் அதே முறிவில்தான் முடியும்.

இப்படிப்பட்ட வேலையில் நம்பிக்கையைப் பேச்சின் மேல் வைக்க முடியாது. காகிதத்தின் மேலும் பதிவின் மேலும்தான் வைக்க முடியும். பணியைத் தொடங்குமுன் இன்ஜின் எப்படி இருந்தது, ட்யூனின்போது என்ன நடந்தது, வண்டி எந்த நிலையில் கைமாறியது என்பதற்குச் சான்று வைத்திருப்பவரே நம்பத் தகுந்தவர். நூறு பேர் புகழ்ந்தாலும் இந்தச் சான்று இல்லாதவரை நம்ப முடியாது. அதோடு, நம்பத் தகுந்தவரிடம் இன்னொரு குணம் தவறாமல் இருக்கும். வேலையை மறுக்கத் தெரிந்திருக்கும்.

டைனோவுக்கு முன்

நல்ல ட்யூனர் வண்டியை நேராக, சக்தியை அளக்கும் கருவியான டைனோவில் ஏற்றுவதில்லை. முதலில் கம்ப்ரஷன் பார்ப்பார். இதற்குச் சாதாரண கேஜ் உதவாது. அது மூன்று முகங்களில் மிக உயர்ந்த ஒன்றை மட்டும் காட்டும். ரோட்டரிக்கென்று உள்ள டெஸ்டர் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுழற்றும் வேகத்தை 250 ஆர்பிஎம்முக்குச் சரிசெய்து படிக்க வேண்டும். எஃப்டிக்கு மஸ்தா வகுத்த கீழ் எல்லை சதுர செ.மீ.க்கு 6 கிலோ. முகங்களுக்கிடையே வேறுபாடு 1.5-ஐத் தாண்டக் கூடாது. ஓர் அபெக்ஸ் சீல் இரண்டு முகங்களுக்கு நடுவில் நிற்பதால், மூன்றில் இரண்டு ஒருசேரச் சரிந்தால் நடுவிலுள்ள சீலைச் சந்தேகிப்பார்கள்.

அந்த எண்கள் எல்லைக்கு அருகே இருந்தால் ‘இந்த இன்ஜினை நான் ட்யூன் செய்ய மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அன்றைய கூலியை இழந்து அதைச் சொல்பவர், முந்நூறு மைல் தள்ளி இருந்தாலும் தேடிப் போகத் தகுந்தவர்.

அடுத்து அவர் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். இன்ஜினுக்குள் எண்ணெய் எப்படிப் போகிறது? சீல்களுக்கு மசகிட ரோட்டரி சிறிது எண்ணெயை எரித்தே தீரும். அதற்கு மஸ்தா ஒரு மீட்டரிங் பம்ப் வைத்திருக்கிறது. பலர் அதைக் கழற்றிவிட்டுப் பெட்ரோல் டேங்கிலேயே டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் கலப்பார்கள். இரண்டும் இல்லாமல் ஒரு வண்டி வந்தால்? அதைக் கேட்காத ட்யூனரிடம் நாம் கேட்க வேண்டியது எதுவும் இல்லை. பெட்ரோல் பம்ப்புக்கு முழுச் சுமையில் எத்தனை வோல்ட், இன்ஜெக்டரின் அளவு என்ன, பூஸ்ட் குழாய்களைக் கசிவுக்குச் சோதித்தாயிற்றா, பிளக் புதியதா, கூலன்ட் குறைகிறதா என்பவை அடுத்தடுத்து வர வேண்டும். கூலன்ட் குறைந்தால் ஹவுசிங்குகளுக்கு இடையிலான தண்ணீர் சீல் போயிருக்கலாம். அதை ட்யூனால் சரிசெய்ய முடியாது.

எந்த ஊரில் ஓட்டப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஜப்பானில் பம்ப்பில் கிடைக்கும் ‘ஹை-ஆக்டேன்’ பெட்ரோல் 100 எனக் குறிக்கப்படுவது. கலிபோர்னியாவில் பம்ப்பில் பொதுவாகக் கிடைக்கும் உயர்ந்த வகை 91. அளக்கும் முறைகள் வேறு என்பதைக் கழித்துப் பார்த்தாலும் ஜப்பானியப் பெட்ரோல் ஒரு படி மேல்தான். அங்கே எழுதிய மேப்போடு கப்பலில் வந்திறங்கிய காரை அப்படியே கலிபோர்னியாவில் மிதிப்பது சீலோடு விளையாடுவது. இறக்குமதிக் காரின் முதல் செலவு அலாய் வீலாக இருக்கக் கூடாது.

பெரிய எண்ணின் மயக்கம்

டைனோவிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு தாள் கிடைக்கும். 350, 420, 500 என்று ஓர் எண். நண்பர்கள் கேட்பதும் அதைத்தான். ஆனால் டைனோக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. கனமான உருளையைச் சுழலவிட்டு அது எவ்வளவு வேகமாக முடுக்கம் பெறுகிறது என்று கணக்கிடுவது ஒரு வகை. பிரேக் போலச் சுமை கொடுத்து, விரும்பிய ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்துவது இன்னொன்று. ஒரே கார் இரண்டிலும் வேறு எண் காட்டும். காட்ட வேண்டிய எண்ணைக் கணிசமாக மாற்ற மென்பொருளிலேயே திருத்தங்களும் உண்டு. ட்யூனுக்கு உகந்தது சுமை கொடுக்கும் வகை. மேப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் இன்ஜினை நிறுத்திவைத்துப் பெட்ரோலைச் சரிசெய்ய அது இடம் தரும்.

ஒரு காரின் வாழ்நாளில் முழுச் சுமையில் ஓடும் நேரம் சொற்பம். மிச்ச நேரமெல்லாம் சிக்னலில் நிற்பது, பாதி ஆக்சிலரேட்டரில் போவது, குளிர்காலையில் கிளப்புவது. இந்தப் பகுதிகளை எழுதத்தான் நேரம் பிடிக்கும், அதற்குத்தான் கூலி. ‘மூன்று ஓட்டத்தில் முடித்துவிடுவேன்’ என்பவர் உச்சி எண்ணை மட்டும் எழுதுகிறார். சாலையிலும் ஒரு நாள் ஓட்டிப் பதிவுகளைப் பார்த்துத் திருத்துகிறேன் என்பவர் காரை எழுதுகிறார்.

இன்றைய இசியுக்களில் காவல் வசதி உண்டு. எண்ணெய் அழுத்தமோ பெட்ரோல் அழுத்தமோ சரிந்தால், கலவை வறண்டால், கூலன்ட் கொதித்தால், கம்ப்யூட்டரே பூஸ்டைக் குறைத்து இன்ஜினை அடக்கிவிடும். பழைய இசியுக்களில் இவ்வளவு காவல் கிடையாது. புதிய இசியு வாங்கியும் இந்த எல்லைகளை எழுதாமல் விடும் ட்யூனர்கள் உண்டு. சென்சாருக்கு ஒயர் இழுக்க அரை நாள் வேலை, டைனோ தாளில் அது ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டாது. ஆனால் நடுச்சாலையில் பம்ப் ஒன்று மடியும் நாளில் இன்ஜினைக் காப்பாற்றுவது அந்த அரை நாள்தான்.

திறமை தங்கிய ஊர்கள்

ரோட்டரி அறிவு உலகில் சீராகப் பரவியிருக்கவில்லை. சில ஊர்களில் திரண்டு நிற்கிறது. ஜப்பானில் இசாமி அமெமியாவின் ஆர்இ அமெமியா, சிபா மாகாணத்தில் பல பத்தாண்டுகளாக ரோட்டரிக்கென்றே இயங்கும் கடை. அவர்களுடைய ஆர்எக்ஸ்-7, 2006-இல் சூப்பர் ஜிடி பந்தயத்தின் ஜிடி300 பிரிவில் பட்டம் வென்றது. கலிபோர்னியாவின் ரேசிங் பீட் 1971-இல் தொடங்கியது. அவர்கள் தயாரித்த ஆர்எக்ஸ்-7, 1986-இல் யூட்டாவின் பானவில் உப்புவெளியில் மணிக்கு 238 மைல் வேகத்தைத் தாண்டியது. சிட்னியில் எழுபதுகளின் ஆர்எக்ஸ்-2, ஆர்எக்ஸ்-3 கார்களை டிராக் பந்தயத்துக்குத் தயார்செய்யும் மரபு உண்டு. ஹால்டெக் அந்த நகரத்து நிறுவனம்தான். கரீபியனின் போர்ட்டோ ரிக்கோ சின்னத் தீவுதான், ஆனால் அங்கே ரோட்டரி டிராக் ஒரு தனிப் பண்பாடு.

புகழ் பெற்ற பெயர் மட்டும் போதாது. ஒரு பந்தயக் கடை எதைச் செய்து பெயர் வாங்கியது என்று பாருங்கள். கால் மைல் பந்தயத்துக்கான இன்ஜின் ஓடுவது சில நொடிகள். பந்தயத்துக்குப் பந்தயம் அதைப் பிரித்துப் பார்க்கக் குழு இருக்கும். உங்கள் வண்டி வெயிலில் டிராஃபிக்கில் நிற்க வேண்டியது. அந்தக் கடை ட்யூன் செய்து மூன்று ஆண்டுகள் சாலையில் ஓடிய காரின் உரிமையாளரைத் தேடிப் பேசுங்கள். ட்யூனான மறுநாள் எல்லோரும் புகழ்வார்கள். மூன்றாம் ஆண்டின் கம்ப்ரஷன் எண்தான் உண்மையான பாராட்டு.

பக்கத்தில் ஆளே இல்லாதவர்களுக்குத் தொலைதூர ட்யூன் உண்டு. உரிமையாளர் வண்டியை ஓட்டிப் பதிவை அனுப்ப, எங்கோ இருக்கும் ட்யூனர் மேப்பைத் திருத்தித் திருப்பி அனுப்புவார். ரோட்டரி தெரியாத உள்ளூர்க்காரரைவிட ரோட்டரி தெரிந்த தொலைதூரக்காரர் மேல். ஆனால் இதில் கண்ணும் காதும் உரிமையாளருடையவை. கசியும் குழாயின் சீறலும் பிளக் கறுத்திருப்பதும் பதிவில் வராது. சென்சார்கள் சரியாக இருக்கின்றனவா என்று உள்ளூர் மெக்கானிக் ஒருவர் உறுதி செய்த பிறகே இதில் இறங்கலாம். பூஸ்டையும் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

சாவி கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

• டர்போ ரோட்டரிகளைத் தொடர்ந்து ட்யூன் செய்கிறீர்களா? என் காரில் உள்ள அதே இசியுவில் செய்திருக்கிறீர்களா?

• தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் ஆறு முகங்களின் கம்ப்ரஷன் எண்களையும் எழுதித் தருவீர்களா?

• டைனோ ஓட்டங்களின் முழுப் பதிவும் மேப்பின் பிரதியும் எனக்குக் கிடைக்குமா? உழைத்து எழுதியதைப் பாதுகாக்க மேப்பைப் பூட்டி வைக்கும் ட்யூனர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால் கடை மூடினால் காரும் பூட்டிக்கொள்ளும். இதை முன்பே பேசி முடித்துவிட வேண்டும்.

• எந்தப் பெட்ரோல், எவ்வளவு பூஸ்ட், எவ்வளவு ஆர்பிஎம் என்ற எல்லைகளைத் தாளில் குறிப்பீர்களா?

• என்னென்ன காவல் எல்லைகளை இசியுவில் எழுதுவீர்கள்?

• நடுவில் ஏதாவது கோளாறு தெரிந்தால் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு யோசிக்காமல் ‘ஆம்’ என்பவரிடம், கடைசியாக எந்த வண்டியை அப்படி நிறுத்தினீர்கள் என்றும் கேளுங்கள். நிறைய ரோட்டரி பார்த்தவரிடம் சொல்ல ஒரு கதை நிச்சயம் இருக்கும்.

ட்யூனரும் தேடுகிறார்

இந்த நம்பிக்கை ஒரு பக்கத்தது மட்டும் அல்ல. ரோட்டரியே வேண்டாம் என்று ஒதுங்கிய திறமையான ட்யூனர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்க வேண்டும். மூன்று கை மாறிய காரைக் கொண்டுவந்து, பழைய பம்ப்பை மாற்ற மனமில்லாமல், 500 குதிரைத்திறன் வேண்டும் என்று கேட்டு, ட்யூனான வாரமே பூஸ்ட் கன்ட்ரோலரைத் திருகி ஏற்றிவிட்டு, உடைந்ததும் கடையின் பெயரைக் கெடுக்கும் வாடிக்கையாளரிடமிருந்து தப்ப அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி, ரோட்டரியைத் தொடாமல் இருப்பதுதான். ட்யூன் செய்த ரோட்டரிக்கு உத்தரவாதம் தரக் கடைகள் தயங்குவதும் அதனால்தான்.

மஸ்தா ரோட்டரியை முழுதாகக் கைவிடவில்லை. 2012-இல் ஆர்எக்ஸ்-8 நின்ற பிறகு, 2023-இல் எம்எக்ஸ்-30 ஆர்-ஈவி காரில் 830 சிசி ஒற்றை ரோட்டார் இன்ஜின், பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டராகத் திரும்பி வந்தது. 2024 பிப்ரவரியில் 36 பொறியாளர்களோடு ரோட்டரிக்கென்று தனிக்குழுவையும் நிறுவனம் மீண்டும் அமைத்தது. ஆனால் முப்பது வயது எஃப்டி ஒன்றின் மேப்பை எழுத அந்தக் குழுவிலிருந்து யாரும் வரப்போவதில்லை. அந்த வேலை சிபாவிலும் சிட்னியிலும் கலிபோர்னியாவிலும் உள்ள சிறு ஷெட்களில், நரைத்துக்கொண்டிருக்கும் சில கைகளிடம்தான் இருக்கிறது.

அவர்களைக் காப்பாற்றிக்கொள்ள வாடிக்கையாளரால் முடிந்தவை சில உண்டு. வண்டியில் செய்த மாற்றங்களை மறைக்காமல் பட்டியலிட்டுக் கொடுக்கலாம். சோதனைக்கும் மறுப்புக்கும்கூட முகம் சுளிக்காமல் கூலி கொடுக்கலாம். கம்ப்ரஷன் பார்த்துவிட்டு ‘இது வேண்டாம்’ என்று திருப்பியனுப்பும் ட்யூனர், ஓர் இன்ஜினின் விலையை மிச்சப்படுத்திக் கொடுத்திருக்கிறார். அந்த மறுப்புக்குப் பணம் கொடுப்பதைத் தண்டமாக நினைப்பவருக்கு நல்ல ட்யூனர் கிடைத்தாலும் நிலைக்க மாட்டார்.